ஒரே வல்லம், பல அளவுகள்: காகித மாதிரிகளை விளையாட்டுக்கு ஏற்ற அளவுக்கு மாற்றுவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பனில் இருந்தபடி நான் வரைந்து தரும் காகித மாதிரித் தாள்கள் ஐந்து: வல்லம் என்னும் மீன்பிடிப் படகு, பனையோலைக் குடிசை, வலைக் கொட்டகை, கலங்கரை விளக்கம், தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவர். அச்சிட்டு, வெட்டி, மடித்து, ஒட்டி, மேசைப் போர் விளையாட்டுக்கான குட்டி பொம்மை வீரர்களுக்குப் பின்புலமாக வைப்பதற்காக இவை வரையப்பட்டவை. ஐந்தும் 1:60 என்ற அளவில் இருக்கின்றன. தாளை வாங்கிய பெரும்பாலோரிடம் இருக்கும் பொம்மைகளோ அந்த அளவில் இல்லை. ஆகவே எனக்கு வரும் கேள்விகளில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைச் சுற்றியே வருகின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

1:60, 1:72, 28 மி.மீ., 15 மி.மீ. என்று பலவிதமாகச் சொல்கிறார்களே, இவை என்ன?

இரண்டு வேறு பழக்கங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டதால் வரும் குழப்பம் இது. 1:72 என்பது விகிதம். உண்மைப் பொருளில் 72 மி.மீ. இருப்பது மாதிரியில் 1 மி.மீ. ஆகும். 28 மி.மீ. என்பது விகிதம் அன்று. அது பொம்மையின் உயரம். அதிலும் உச்சந்தலை வரை அளப்பதா, கண் வரை அளப்பதா என்பதில் தயாரிப்பவர்களுக்குள் ஒருமித்த கருத்து கிடையாது. கண்மட்டம் வரை அளப்பவர்களின் 28 மி.மீ. பொம்மை ஏறக்குறைய 1:56 அளவில் வரும். தலைவரை அளப்பவர்களுடையது 1:60, 1:64 என்று சற்றுச் சிறுத்துப்போகும். பழைய 25 மி.மீ. பொம்மைகளும் மென்பிளாஸ்டிக் வீரர்களும் 1:72ஐ ஒட்டி நிற்கும். 15 மி.மீ. என்பவர்கள் பெரும்பாலும் 1:100ஐயும், 6 மி.மீ. என்பவர்கள் 1:285 அல்லது 1:300ஐயும் மனத்தில் வைத்திருக்கிறார்கள். ரயில் மாதிரிக்காரர்களின் எச்.ஓ. அளவு 1:87, என் அளவு பொதுவாக 1:160.

பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம் என்பதே என் அனுபவம். பொம்மையை எடுத்து, பாதத்தின் அடியிலிருந்து கண் வரை ஸ்கேலால் அளந்து பாருங்கள். சராசரி மனிதனின் கண்மட்டம் 1.6 மீட்டர் என்று கொண்டு, 1600ஐ நீங்கள் அளந்த மில்லிமீட்டரால் வகுத்தால் உங்கள் பொம்மையின் உண்மையான விகிதம் கிடைத்துவிடும்.

எத்தனை சதவீதத்தில் அச்சிட வேண்டும்?

வரைந்த அளவின் பின் எண்ணை, வேண்டிய அளவின் பின் எண்ணால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். என் தாள்கள் 1:60இல் இருப்பதால், 1:72க்கு 60 ÷ 72, அதாவது 83.3 சதவீதம். இதே கணக்கில் 1:56க்கு 107.1, 1:87க்கு 69, 1:100க்கு 60, 1:144க்கு 41.7, 1:300க்கு 20 சதவீதம் வரும். 54 மி.மீ. பொம்மை வைத்திருப்பவர்கள் 1:32க்காக 187.5 சதவீதத்துக்குப் பெரிதாக்க வேண்டும்.

இதில் இரண்டு இடங்களில் பலர் சறுக்குகிறார்கள். 75 சதவீதத்துக்குச் சுருக்கிய தாளை மறுபடி 125 சதவீதம் ஆக்கினால் பழைய அளவு வராது, 133.3 சதவீதம் ஆக்கினால்தான் வரும். மற்றொன்று, சதவீதம் நீளத்துக்கு உரியது, பரப்புக்கு உரியதன்று. 50 சதவீதத்தில் அச்சிட்டால் தாளின் கால்பங்கு இடமே செலவாகும். எனவே நான்கு வல்லங்களை ஒரே ஏ4 தாளில் அடுக்கிவிடலாம். மாறாக 200 சதவீதத்துக்குப் போனால் ஒரு தாள் நான்கு தாளாகும். ஜெராக்ஸ் கடையில் ஏ4ஐ ஏ3 ஆக்கும்போது 141 சதவீதம் என்று போடுவது, தாளின் பரப்பு இரட்டிப்பாகும்போது நீளம் 2இன் வர்க்கமூலத்தளவே கூடுவதால்தான்.

நீங்கள் ஏன் 1:60ஐத் தேர்ந்தெடுத்தீர்கள்?

1:60இல் ஓர் அங்குலம் சரியாக 5 அடியைக் குறிக்கும். அங்குலக் கட்டம் போட்ட பலகையில் ஒரு கட்டம் 5 அடி என்று வைத்து விளையாடும் வழக்கம் பரவலாக இருப்பதால், கட்டடத்தின் சுவர் கட்டத்தின் கோட்டில் வந்து உட்காரும். 28 மி.மீ. பொம்மைகளுக்கும் இது பொருந்தும். கொஞ்சம் முன்பின் இருந்தாலும் கண்ணுக்கு உறுத்தாது.

கால்குலேட்டர் இல்லாமல் அளவைக் கணக்கிட வழி உண்டா?

உண்டு, அதை எனக்குக் கற்றுத் தந்தவர் வல்லம் கட்டும் ஆசாரி ஒருவர். நம் பக்கத்து ஆசாரிகள் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்துப் பேசுவார்கள். ஒரு நூலை ஓர் அடி என்று கொண்டால், ஓர் அடியில் 96 நூல் இருப்பதால், அது 1:96, 15 மி.மீ. பொம்மைக்காரர்களின் 1:100க்கு வெகு அருகில் வருகிறது. இரண்டு நூலை ஓர் அடி என்று கொண்டால் 1:48. அவருடைய பட்டறையில் கிடந்த 28 அடி வல்லத்தை அடிக்கோலால் அளந்து, அதே எண்ணிக்கையை நூலாகத் தாளில் குறித்தபோது, வகுத்தல் எதுவும் செய்யாமலேயே மூன்றரை அங்குல வல்லம் ஒன்று வந்து நின்றது.

மில்லிமீட்டரில் பழகியவர்களுக்கும் இதுபோன்ற ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஓர் அடி என்பது 304.8 மி.மீ. என்பதால், 1:300இல் ஓர் அடி ஏறக்குறைய 1 மி.மீ. ஆகிறது. 28 அடி வல்லம் 1:300இல் 28 மி.மீ. நீளம் இருக்கும். அதே வல்லம் 1:60இல் 142 மி.மீ., 1:72இல் 119 மி.மீ., 1:100இல் 85 மி.மீ. வரும்.

சதவீதத்தைச் சரியாகத்தான் போட்டேன். அச்சிட்டு வந்தது சிறியதாக இருக்கிறது. ஏன்?

அச்சிடும்போது பக்கத்துக்குள் அடக்குமாறு சொல்லும் ‘ஃபிட்’ என்ற தேர்வு இயங்கியிருக்கும். இது பெரும்பாலான கணினிகளில் தானாகவே தேர்ந்திருக்கும் என்பதே தொல்லை. ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது ‘கஸ்டம் ஸ்கேல்’ என்பதைத் தேர்ந்து எண்ணை நீங்களே இட வேண்டும்.

என் முதல் கலங்கரை விளக்கம் இதனால்தான் வீணாயிற்று. கோபுரத் தாளை ஒரு கடையிலும், மறந்துபோன உச்சிக் கூண்டின் தாளை இரண்டு நாள் கழித்து வேறொரு கடையிலும் அச்சிட்டேன். முதல் கடைத் தம்பி, “அண்ணே, ஓரம் வெட்டுப்பட்டுச்சு, பக்கத்துக்குள்ள அடக்கிட்டேன்” என்று நல்ல மனதோடு செய்த உதவியில் கோபுரம் 94 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. கூண்டு கோபுரத்தின் மேல் தொளதொளவென்று தொப்பிபோல் இறங்கியது. அன்று முதல் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் 100 மி.மீ. நீளக் கோடு ஒன்றை வரைந்து வைக்கிறேன். கடையை விட்டு வருமுன் அதை அளந்து பாருங்கள். 60 சதவீதத்தில் அச்சிட்டிருந்தால் அந்தக் கோடு 60 மி.மீ. இருக்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து வரும் தாள்களில் இந்தச் சிக்கல் கூடுதலாக இருக்கும். அவர்களுடைய லெட்டர் தாள் 216 மி.மீ. அகலமும் 279 மி.மீ. உயரமும் கொண்டது, நம் ஏ4 210க்கு 297. அகலம் 6 மி.மீ. குறைவதால், அடக்கி அச்சிட்டால் எல்லாமே 97 சதவீதம் அல்லது அதற்கும் கீழே போய்விடும். ஓரத்தில் உருவம் எதுவும் இல்லையென்றால் வெட்டுப்படட்டும் என்று விட்டு, முழு அளவிலேயே அச்சிடுவது நல்லது.

கைப்பேசியிலிருந்து வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்புபவர்கள், படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்ப வேண்டும். படமாகப் போனால் அது நசுங்கிப் போவதோடு, அளவு பற்றிய தகவலையும் இழந்துவிடும். மேலும், ஒரு மாதிரிக்குரிய எல்லாத் தாள்களையும் ஒரே இயந்திரத்தில், ஒரே நாளில், ஒரே திசையில் செலுத்தி அச்சிடச் சொல்லுங்கள். லேசர் அச்சின் சூட்டில் தாளிலுள்ள ஈரம் வற்றி அது மிகச் சிறிதளவு சுருங்கும். எல்லாத் தாளும் ஒரே மாதிரி சுருங்கினால் பாதகமில்லை.

60 சதவீதத்துக்குச் சுருக்கி அச்சிட்டேன். அளவு சரி. ஆனால் ஒட்டவே வரவில்லையே?

எனக்கு வரும் கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான். கணினி கோடுகளைச் சுருக்கும். காகிதத்தின் தடிப்பை அதனால் சுருக்க முடியாது, உங்கள் விரலையும் சுருக்க முடியாது. 1:60இல் நன்றாக வேலை செய்த ஒரு தாளில், தடிப்பையும் விரலையும் நம்பி வரையப்பட்ட பகுதிகள் எவை என்று முதலில் கண்டுபிடித்து, அவற்றை மட்டும் கையால் திருத்த வேண்டும்.

முதலாவதாக, ஒட்டுவதற்காக ஓரத்தில் நீட்டி வைத்திருக்கும் காதுகள். நான் இவற்றை 6 மி.மீ. அகலத்தில் வரைந்திருக்கிறேன். 60 சதவீதத்தில் இவை 3.6 மி.மீ. ஆகும், கவனமாக ஒட்டிவிடலாம். 1:144இல் 2.5 மி.மீ.; இடுக்கி வேண்டும். 1:300இல் 1.2 மி.மீ.; அதைப் பிடிப்பதற்குள் பசை காய்ந்துவிடும். ஆகவே 1:100க்குக் கீழே போகும்போது காதுகளை வெட்டும் கோட்டுக்கு வெளியே, வெற்றுத் தாளில், 4 மி.மீ. இருக்கும்படி நீங்களே பென்சிலால் நீட்டிக்கொள்ளுங்கள். அல்லது காதுகளை முழுதும் வெட்டி எறிந்துவிட்டு, உட்புற மூலையில் தனியாக மடித்த சிறு காகிதத் துண்டை ஒட்டி இரு சுவர்களையும் சேருங்கள்.

இரண்டாவதாக, செருகுபள்ளங்கள். வல்லத்தின் ஏராவின் (நடு அடிமரம்) மேல் வங்குகள் (விலா மரங்கள்) செருகி நிற்கின்றன. இவை 1 மி.மீ. மில்போர்டு அட்டையில் ஒட்டி வெட்டப்படுபவை. பள்ளமும் 1 மி.மீ. அகலம். 60 சதவீதத்தில் பள்ளம் 0.6 மி.மீ. ஆகிவிடும், உங்கள் கையில் இருக்கும் அட்டையோ அதே 1 மி.மீ. தான். பலவந்தமாகச் செருகினால் வங்கு கசங்கி, ஏரா கோணி, அணியம் (படகின் முன்முனை) ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். இதற்கு, அட்டைக்குப் பதிலாக 160 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிப் பயன்படுத்தலாம். ஒரு தாள் சுமார் 0.2 மி.மீ. தடிப்பு என்பதால் மூன்றும் சேர்ந்து 0.6 மி.மீ. வந்துவிடும். பெரிதாக்குபவர்களுக்கு இதே சிக்கல் தலைகீழாக வரும்: பள்ளம் அகன்று, வங்குகள் ஆடும்.

மூன்றாவதாக, உருளைகள். கலங்கரை விளக்கத்தின் கோபுரத்தைச் சுருட்டி, உள்ளே வட்டத் தட்டு ஒன்றை வைத்து ஒட்ட வேண்டும். சுருட்டிய காகிதத்தின் உள்விட்டம், அதன் தடிப்பின் அளவுக்கு எப்போதும் குறைந்தே இருக்கும். நான் தட்டை வரையும்போது அந்தத் தடிப்பைக் கழித்துத்தான் வரைந்தேன். நீங்கள் சுருக்கும்போது அந்தக் கழிவும் சேர்ந்து சுருங்கிவிடுவதால் தட்டு ஒரு மயிரிழை பெரியதாகி உள்ளே நுழைய மறுக்கும். உப்புத்தாளில் தட்டின் ஓரத்தை இரண்டு சுற்றுத் தேய்த்தால் போதும். இல்லையென்றால் மெல்லிய தாளுக்கு மாறுங்கள்.

நான்காவதாக, மடிப்புக் கோடுகள். 20 சதவீதத்தில் இவை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்துவிடும். வெட்டுவதற்கு முன்பே, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து எல்லா மடிப்புகளையும் கீறிவிடுங்கள். வெட்டிய பிறகு தேடினால் கிடைக்காது.

அப்படியானால் 1:300க்கு உங்கள் வல்லத்தைச் சுருக்கவே கூடாதா?

சுருக்கலாம், ஆனால் அதிலுள்ள பலவற்றைக் கைவிட வேண்டும். 28 மி.மீ. நீள வல்லத்தில் ஏராவும் வேண்டாம், வங்கும் வேண்டாம். பக்கப்பலகை இரண்டையும் அணியத்தில் சேர்த்து ஒட்டி, மேல்தளத்தை மூடியாக வைத்தால் போதும். உட்புறத்தில் அழிரப்பர் துண்டு ஒன்றைச் சீவி வைத்தால் வடிவம் குலையாமல் நிற்கும். துடுப்பையும் நங்கூரத்தையும் வெட்டுவதை விட்டுவிடுங்கள். ஒரு கை தூரத்திலிருந்து பார்க்கும்போது, அணியத்தின் வளைவும் பக்கப்பலகையில் தீட்டிய வண்ணப்பட்டையுமே வல்லம் என்று சொல்லும். குடிசைக்கும் இப்படித்தான்: 28 மி.மீ. பொம்மைகளுக்கான கூரையில் ஓலை நுனிகளைக் கத்தரியால் நறுக்கி விரித்துவிட்டால் அழகாக இருக்கும்; 1:300இல் அதே வேலை கூரையைப் பிய்ந்த துடைப்பமாக்கிவிடும், அச்சிட்ட படமே மேல்.

பெரிதாக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கோடுகளாக வரையப்பட்ட கோப்பு எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை குன்றாது. இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் திறந்து, பெரிதாக்கி, பல பக்கங்களாகப் பிரித்துக்கொள்ளலாம், பி.டி.எஃப். வாசிப்பானிலேயே ‘போஸ்டர்’ என்ற தேர்வும் அந்த வேலையைச் செய்யும். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று 5 மி.மீ. படியும்படி வைத்தால் இணைப்பது எளிது. புகைப்பட வகைக் கோப்பு அப்படியன்று. 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) படத்தை 187.5 சதவீதம் ஆக்கினால் 160 டி.பி.ஐ. தான் மிஞ்சும், மேசையருகே நின்று பார்ப்பவருக்கு அது குறையாகத் தெரியாது. அதற்கு மேல் போனால் தெரியும்.

எனக்கு உறுத்துவது கூர்மையைவிடச் சுவரின் வேலைப்பாடுதான். தனுஷ்கோடித் தேவாலயச் சுவர் பவளப்பாறைக் கற்களால் கட்டப்பட்டது. 1964 டிசம்பர் புயலுக்குப் பின் கூரையின்றி நிற்கும் அந்தச் சுவரின் துளைத்துளையான முகத்தைத்தான் தாளில் கொண்டுவர முயன்றிருக்கிறேன். வேறு அளவுக்கு வரைந்த சுவரை, பொம்மைக்குப் பொருத்தமில்லாத அளவுக்கு ஊதினால் ஒவ்வொரு கல்லும் பூசணிக்காயாகத் தெரியும். சுருக்கினால் துளைகள் எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறச் சேறாகிவிடும். சுருக்குபவர்கள் கிம்ப் போன்ற மென்பொருளில் நிற வேறுபாட்டைச் சற்றுக் கூட்டி, மொத்தத்தையும் ஓரளவு வெளிறச் செய்து அச்சிட்டால் கல் மறுபடி கல்லாகத் தெரியும். சிறிய பொருள் இயல்பாகவே கண்ணுக்கு இருண்டு தோன்றும் என்பதால் இது தேவைப்படுகிறது.

தாளின் விறைப்பும் இங்கே முக்கியம். இரட்டிப்பாக்கிய சுவர் அதே தாளில் நிற்காது, நடுவில் குழிந்துவிடும். விளம்பரப் பலகைக்காரர்களிடம் கிடைக்கும் சன்போர்டு (நுரை அட்டை) துணுக்குகளைப் பின்புறம் ஒட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இலவசமாகவே தருவார்கள்.

எந்த அளவுக்கு எந்தத் தாள்?

28 மி.மீ. பொம்மைகளுக்கு 200 முதல் 220 ஜி.எஸ்.எம்., 1:72க்கும் 1:100க்கும் 160, அதற்குக் கீழே 100 அல்லது 120. ராமநாதபுரத்தில் திருமணப் பத்திரிகை அச்சிடும் இடங்களில் இந்த வகைகள் எல்லாம் சில்லறையாகவே கிடைக்கும். பளபளக்கும் ஆர்ட் தாளைத் தவிர்த்துவிடுங்கள். பசை பிடிக்காது, மடித்த இடத்தில் லேசர் மை உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரியும். அளவு சிறுக்கச் சிறுக்க அந்த வெள்ளைக் கோடு மாதிரியில் பெரும்பங்கை அடைத்துக்கொள்ளும். ஆகவே வெட்டிய ஓரங்களுக்கும் மடிப்புகளுக்கும் ஸ்கெட்ச் பேனாவாலோ வாட்டர் கலராலோ நிறம் தீட்டாமல் ஒட்டவே கூடாது.

குடிசையின் வாசல் என் வீரனைவிடக் குட்டையாக இருக்கிறது. உயரத்தை மட்டும் 10 சதவீதம் இழுக்கலாமா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வாசல் குட்டையாக இருப்பது பிழையன்று. பனையோலைக் குடிசைக்குள் நம்மில் யாரும் நிமிர்ந்தபடி நுழைந்ததில்லை. 5 அடி வாசலில் குனிந்துதான் போவோம். 1:60இல் அது 25 மி.மீ. ஆகும். வீரனோ தலைவரை 30 மி.மீ.க்கு மேல் இருப்பவன், அடித்தட்டின் மேல் வேறு 3 மி.மீ. ஏறி நிற்கிறான். ஆறரை அடிக் கதவே 1:60இல் 33 மி.மீ. தான் என்பதால், அவன் எந்தக் கதவருகே நின்றாலும் வளர்ந்தவனாகத்தான் தெரிவான். கட்டடத்தை 3 மி.மீ. தடிப்புள்ள திண்ணையின் மேல் ஏற்றிவிடுங்கள். குறை பெருமளவு மறைந்துவிடும். நம் ஊர்க் குடிசைக்குத் திண்ணை பொருத்தமும்கூட.

உயரத்தை மட்டும் இழுப்பது நான்கு செங்குத்துச் சுவருக்கு ஒத்துவரும். சாய்கூரை வந்ததும் கணக்கு உடையும். முக்கோணச் சுவரின் பாதி அகலம் 30 மி.மீ., ஏற்றம் 30 மி.மீ. என்றால் சாய்வு 42.4 மி.மீ. ஏற்றத்தை 10 சதவீதம் கூட்டி 33 ஆக்கினால் சாய்வு 44.6 மி.மீ., அதாவது 5 சதவீதமே கூடுகிறது. ஆனால் தாளில் தட்டையாகக் கிடக்கும் கூரைப்பகுதியைக் கணினி 10 சதவீதம் இழுத்துவிடும். அதைப் பக்கவாட்டில் வரைந்திருந்தால் இழுக்கவே இழுக்காது. எப்படி ஆனாலும் கூரை பொருந்தாது. வட்டத் தட்டுகளோ முட்டை வடிவமாகும். இழுத்தே தீர வேண்டுமானால் சுவர்களை மட்டும் இழுத்து, கூரையை அளந்து நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள்.

பாம்பன் பாலத்தை எப்போது தருவீர்கள்? அதை எந்த அளவில் செய்யலாம்?

எனக்கு நாள்தோறும் வரும் கேள்வி. முழுப் பாலத்தையும் கேட்பவர்கள் ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளமுடையது. 1:300இல்கூட அது ஏறக்குறைய 7 மீட்டர். 1:100இல் 20 மீட்டரைத் தாண்டும். திருமண மண்டபத்தில்தான் விளையாட வேண்டியிருக்கும். மேலே தூக்கப்படும் நடுப்பகுதி மட்டும் 72.5 மீட்டர். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது: 1:72இல் அது ஏறக்குறைய சரியாக 1 மீட்டர் வருகிறது. 1:100இல் 72.5 செ.மீ., 1:300இல் 24 செ.மீ. அந்தப் பகுதி 17 மீட்டர் உயரும் என்பதால் 1:100இல் 17 செ.மீ. தூக்க வேண்டும். ஆகவே தூக்கும் பகுதி, அதன் இருபக்கக் கோபுரங்கள், பக்கத்துக்கு இரண்டு கண்கள் (தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிகள்) என்று மட்டும் 1:300இல் வரைந்துகொண்டிருக்கிறேன். மேசையின் ஓரத்தில் பாலம் அறுந்து முடிவதை விளையாடுபவர்கள் பொருட்படுத்துவதில்லை.

1914இல் திறந்த பழைய பாலத்தின் இரு கைகளும் கதவுபோல் மேலெழுவதைக் கேட்பவர்களும் உண்டு. குறுக்குக் கம்பிகளின் பின்னலைக் காகிதத்தில் வெட்டுவது 1:100க்குக் கீழே இயலாத வேலை. தெளிந்த ஓ.எச்.பி. தாளில் கம்பிகளை அச்சிட்டு ஒட்டிப் பார்த்தேன். வெயில் படாத கோணத்தில் நன்றாகவே இருக்கிறது.

ரயில் மாதிரித் தண்டவாளத்தோடு சேர்த்து வைக்க எந்த அளவு?

எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. அது வெளிநாட்டு 1435 மி.மீ. பாதைக்கு 1:87இல் பொருந்தியது. நம் அகலப்பாதை 1676 மி.மீ. என்பதால் 1:87இல் 19 மி.மீ.க்கு மேல் வேண்டும், எச்.ஓ. தண்டவாளம் ஒடுக்கமாகத் தெரியும். அதே 1676ஐ 100ஆல் வகுத்தால் 16.8 மி.மீ. ஆக, கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தை 15 மி.மீ. பொம்மைகளுக்குப் பக்கத்தில், என் தாள்களை 60 சதவீதத்தில் அச்சிட்டு வைத்தால், நம் அகலப்பாதை உள்ளபடியே அமைந்துவிடும். 1964இல் தனுஷ்கோடிக்குப் போய்த் திரும்பாத ரயிலின் காலத்தைக் காட்ட விரும்புபவர்களுக்கு மீட்டர் பாதை வேண்டும், 12 மி.மீ. தண்டவாளமும் 69 சதவீத அச்சும் அதற்குப் பொருந்தும்.

ஒட்டி வைத்த மாதிரிகள் ஒரு வாரத்தில் வளைந்துவிடுகின்றன. அளவு மாற்றியதால் வந்த குறையா?

இல்லை; நம் கடற்காற்றால் வந்தது. காகிதம் ஈரத்தை உறிஞ்சும்போது அதன் இழையோட்டத்துக்குக் குறுக்குத் திசையில்தான் அதிகம் விரியும். தாளை இரு பக்கமும் மெதுவாக வளைத்துப் பார்த்தால், எளிதாக வளையும் அச்சே இழையோட்டத்தின் திசை. சுவரின் உயரவாக்கில் இழை ஓடும்படி அச்சிட்டால் சுவர் கூனாது. சுருட்ட வேண்டிய கோபுரத்துக்கும் இழை மேலிருந்து கீழாக ஓட வேண்டும். சுருக்கும்போது இடம் மிச்சம் பிடிக்கத் துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவது வழக்கமாகையால், அளவு மாற்றியவர்களுக்கே இந்தக் குறை அதிகம் நேர்கிறது என்பதும் உண்மை.

வாடைக்காற்று வீசும் மாதங்களில் வெள்ளைப் பசையைத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்யாதீர்கள். பெரிய பரப்புகளுக்குக் குச்சிப் பசையே நல்லது. ஒட்டி முடித்ததும் மேட் வார்னிஷை இருபுறமும் மெல்லிதாக அடியுங்கள். ஒருபுறம் மட்டும் அடித்தால் அதுவே வளைத்துவிடும். இங்க்ஜெட் அச்சாக இருந்தால் தூரிகையால் தொடாமல் ஸ்பிரேயாக அடிக்க வேண்டும், இல்லையேல் நிறம் கரைந்து ஓடும்.

மொட்டை மாடியில் விளையாடும்போது பறந்துவிடுகின்றனவே?

சோழகக் காற்றில் 28 மி.மீ. குடிசையே நிற்காது, 1:300 வல்லத்துக்கு என்ன சொல்வது! அடியில் இரும்பு வாஷரை ஒட்டுங்கள். வலையில் கட்டும் ஈயக் குண்டும் உதவும். அதைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் முறுக்கைத் தொட வேண்டும், சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வாஷரே போதும்.

அளவு மாற்றிய தாளை விற்கலாமா?

கூடாது. 60 சதவீதம் ஆக்கியதால் அது உங்கள் வரைபடம் ஆகிவிடாது. நண்பருக்கு ஒட்டிக் கொடுங்கள், பள்ளியில் பயன்படுத்துங்கள். விற்பதற்கு முன் வரைந்தவரைக் கேளுங்கள். இது என் தாளுக்கு மட்டுமன்று, எல்லோருடைய தாளுக்கும் பொருந்தும்.

ஒரே மேசையில் இரண்டு அளவுகளைக் கலந்து வைக்கலாமா?

கட்டடங்களில் 1:56க்கும் 1:64க்கும் இடைப்பட்ட வேறுபாட்டை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். மனிதன் கையில் பிடிக்கும் பொருள்களில், அதாவது துடுப்பு, குடம், ஏணி, கதவுத் தாழ்ப்பாள் ஆகியவற்றில் உடனே தெரிந்துவிடும். மேசையின் பின்னோரத்தில் கடலை வரைந்து, அதில் 1:100 வல்லங்களையும், அவற்றுக்கும் பின்னால் 1:300 வல்லங்களையும் வைத்தால், முன்னே 28 மி.மீ. வீரர்கள் நிற்கும் கரையிலிருந்து பார்க்கும்போது படகுகள் தொலைவில் போவதாகவே தோன்றும். ஆனால் ஆட்டத்தின் நடுவில் யாராவது அந்தப் பின்வரிசை வல்லத்தில் தன் வீரனை ஏற்ற வேண்டும் என்று கேட்டால், அதற்கான விதியை நீங்கள்தான் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.